எலியின் தலைக்கு ஒரு மைக்ரோஸ்கோப்

எங்கள் தொழிலில் பொருளை விற்பதுகூடச் சுலபம். அது என்ன பொருள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

செஞ்சியில், திண்டிவனம் சாலையில், ஓர் உரக்கடையின் மாடியில் நான் மைக்ரோஸ்கோப் செய்து விற்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்போமே, அது இல்லை. இது கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். சோதனைச்சாலை எலியின் தலையில் தொப்பி மாதிரி உட்காரும். எலி பாட்டுக்கு ஓடும், தின்னும், மூக்கைச் சொறியும். அதே நேரத்தில் அதன் மூளைக்குள் எந்தெந்த செல் வேலை செய்கிறது என்று இந்தச் சின்னப் பெட்டி படம் பிடித்து, நூல் போன்ற ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மறதி, வலிப்பு, பயம், தூக்கம் என்று மூளையை ஆராய்கிற லேப்கள் வாங்குகின்றன.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கோ வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்று வரைபடம் முழுவதையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஓபன் சோர்ஸ் என்பார்கள். சென்னையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்த நான், கம்பெனியை மூடியதும் ஊருக்கு வந்து, அந்த வரைபடத்தை நம்பிக் கடை போட்டேன். சும்மா கிடைக்கிற ஒன்றை விற்றுப் பிழைக்க நினைத்தால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘இதைத்தான் யூடியூப்லயே சொல்லித் தர்றாங்களே’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன டியூஷன் டீச்சர்களே, தையல்காரர்களே, செல்போன் ரிப்பேர்க்காரர்களே, நாமெல்லாம் ஒரே வண்டியில்தான் போகிறோம்.

போர்டு வைத்தேன்

கடை திறந்த புதிதில் ஆசையாக ஒரு போர்டு எழுதி மாட்டினேன். ‘அமுதா மைக்ரோஸ்கோப்’ என்று சிவப்பு எழுத்து. மறுநாள் காலையிலேயே ஆட்கள் மாடிப்படி ஏறி வர ஆரம்பித்துவிட்டார்கள். அட, நம் ஊரிலேயே இவ்வளவு பேருக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமா என்று நான் பூரித்துப்போனது ஒரு நிமிஷம்தான். முதலில் வந்த பெண் நேராக நாற்காலியில் உட்கார்ந்து, ஜாக்கெட் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் வெறும் வயிற்றில் வந்திருப்பதாகவும் சீக்கிரம் விட்டால் போய் டீ குடிக்க வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார்.

கீழே உரக்கடைக்காரர் வேறு நல்ல எண்ணத்தில், ‘மேல புதுசா லேப் வந்துக்குது’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி, வழியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவைத்தேன். கடைசியாக வந்த பெரியவர், கைக்குட்டையில் சுற்றிய சின்ன பாட்டிலோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பாட்டிலைத் திரும்பச் சுற்றிக்கொண்டே கேட்டார்: “ரத்தம் பாக்கறதில்ல, மூத்திரம் பாக்கறதில்ல. அப்புறம் இன்னாத்துக்கும்மா அம்மாம் பெரிய போர்டு?”

சும்மா கிடைக்குதே

கோவைப் பக்கத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்தார். விலை கேட்டார். சொன்னேன். “டிசைன் ஃப்ரீதானேம்மா, என் ஸ்டூடண்ட்டே பண்ணிடுவா” என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். எனக்கு இது பழகிப்போன வாக்கியம். பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், முதுகில் பையும் கையில் முறுக்கு டப்பாவுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். அவள்தான் அந்த ஸ்டூடண்ட். பெயர் மதுமிதா. டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்து, ஒரு மைக்ரோஸ்கோப்பின் பாகங்கள். எத்தனை முறை சேர்த்தாலும் திரையில் சாம்பல் மூட்டம்தான் வருகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றாள். படிப்புக்கான உதவித்தொகை முடியப் போகிறது, இன்னும் ஒரு எலியைக்கூடப் படம் எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லையாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கினாள். எனக்கு மைக்ரோஸ்கோப்பின் கறுப்பு பிளாஸ்டிக் உடம்பைக் கடைந்து தருகிற அப்பாண்டைராஜ் அண்ணன், அவள் கொண்டுவந்த உடம்பைப் பார்த்து, வெளிச்சம் கசியாமல் ஓரங்களைச் சரி செய்து கொடுத்தார். நான் கேமரா சிப்பைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். பிறகு ஒயரைச் சந்தேகப்பட்டேன். அதையும் மாற்றினேன். சாம்பல் மூட்டம் போகவில்லை. எனக்கு வழி தெரியவில்லை. உள்ளே அரிசி மணி அளவில் சில வடிகட்டிக் கண்ணாடிகள் உண்டு. மூளைக்குள் போகிற நீல வெளிச்சத்தையும், அது பட்டு மின்னும் செல்லிலிருந்து திரும்பி வருகிற பச்சை வெளிச்சத்தையும் பிரிப்பவை. மதுமிதா அதில் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அக்கா, இதைத் திருப்பிப் போட்டுப் பாக்கலாமா?” என்றாள். போட்டோம்.

எங்கள் கடையில் எலி கிடையாது. லென்ஸ் துடைக்கிற காகிதத்தில், நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னுகிற மஞ்சள் ஹைலைட்டர் பேனாவால் தீட்டி, அதை அடியில் வைத்துத்தான் சோதிப்போம். திரையில் காகிதத்தின் நாரெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்து, பச்சைப்பசேலென்று ஜொலித்தன. மதுமிதா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அப்பாண்டைராஜ் அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைப் பெரிதாக வைத்தார். அந்த நேரம் பார்த்து அவள் பேராசிரியரின் போன். ஸ்பீக்கரில் போட்டுப் படம் வந்துவிட்டதைச் சொன்னாள். மறுமுனையில் பெருமை பொங்கியது: “நான் அப்பவே சொன்னேனில்ல மதுமிதா, செஞ்சியில ஒருத்தங்க இருக்காங்க, பேசாம அவங்ககிட்டயே வாங்கிடலாம்னு!”

யாருடையது?

அந்தப் பேராசிரியருக்கு இப்போது செய்து முடித்த மைக்ரோஸ்கோப்பே இன்னும் சில வேண்டியிருந்தது. வாங்குவதற்கு அவர்களுடைய கொள்முதல் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே இருந்த சூப்பிரண்டு போன் செய்து விதியைச் சொன்னார். ஒன்று, மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், இந்தப் பொருள் எங்களுக்கு மட்டுமே உரிமையானது, வேறெங்கும் கிடைக்காது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தேடிப் பார்த்ததில் விலை சொல்ல இன்னொரு கம்பெனி அவர்களுக்கு அகப்படவில்லை. கையெழுத்துப் போடலாம் என்றால், எல்லாருக்கும் பொது என்று கொடுக்கப்பட்ட ஒன்றை எனக்கு மட்டும் சொந்தம் என்று எப்படி எழுதுவது? என் ஆடிட்டர், “எல்லாரும் போடறதுதான், போட்டுட்டுப் போ” என்றார். கை வரவில்லை. மார்ச் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் செலவாகாத ஆராய்ச்சிப் பணம் திரும்பிப் போய்விடும். மதுமிதா தினமும் போன் செய்து, ஒன்றும் கேட்காமல், சாப்பிட்டீர்களா என்று மட்டும் விசாரிப்பாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சூப்பிரண்டு விடுகிற ஆள் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டு ஏதாவது கேட்பார். அந்த லென்ஸ் கடையில் கிடைக்குமா? பிளாஸ்டிக்கை யார் கடைவது? கெட்டுப்போனால் யார் வருவது? ஒருநாள், “நீங்க விக்கறது பொருளுங்களா, வேலைங்களாம்மா?” என்றார். நான் கொஞ்சம் யோசித்து, “வேலைதான் சார். பொருளை யார் வேணும்னாலும் வாங்கலாம். சேக்கறதுதான் நான்” என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. வேலைக்கு அந்த உரிமைக் கையெழுத்து தேவையில்லையாம். உதிரி பாகங்களை அவர்கள் தனியாக வாங்குவது, சேர்த்துக் கொடுக்கும் வேலையை எனக்குத் தருவது என்று மாற்றி, மார்ச் முடிவதற்குள் அனுமதி வாங்கிவிட்டார். நன்றி சொல்லக் கூப்பிட்டபோது, இது எல்லாருக்கும் சொந்தமான டிசைன் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கலாமே சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எல்லாருக்கும் சொந்தம்னு நாம எழுதுனா, ஆடிட்காரரு யாருக்கும் சொந்தமில்லைன்னு படிப்பாருங்கம்மா.”

தாமதத்துக்குக் காரணம்

கோட்டை மலையில் இருக்கிற குரங்குகளுக்கு ஊரும் மலையும் ஒன்றுதான். ஒருநாள், ஐதராபாத் லேபுக்கு அனுப்ப வேண்டிய மைக்ரோஸ்கோப்பை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னலில் ஒரு குரங்கு. ஒரு கையில் என் வாழைப்பழம், இன்னொரு கையில் மைக்ரோஸ்கோப். நான் கத்தினதில் அது எதிர்மாடிக்குத் தாவி, பழத்தை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பை மோந்து பார்த்தது. கடித்துப் பார்த்தது. லென்ஸ் பக்கத்தைத் திருப்பிக் கண்ணுக்கு நேராகப் பிடித்ததை உரக்கடைக்காரரும் பார்த்தார். நான் கதை விடவில்லை. பிறகு, இது தேறாது என்று முடிவு கட்டி, உரக்கடையின் தகரக் கூரைமேல் வீசியடித்துவிட்டுப் போய்விட்டது.

வேறு செய்ய நாளாகும். அந்த லேபை நடத்துகிறவர் ஒரு தமிழ்க்காரர், கறார்ப் பேர்வழி என்று கேள்வி. பார்சல் தாமதம், உதிரி பாகம் வரவில்லை என்று எதையாவது சொல்லலாமா என்று யோசித்தேன். இதைவிட நம்ப முடியாத காரணத்தை நானாகக் கற்பனை செய்ய முடியாது என்பதால், நடந்ததையே எழுதி, கூரைமேல் கிடந்த சேதாரத்தின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு போன் அடித்தது. ஆர்டர் கேன்சல் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். “இங்க எலி தலையில இதை வெச்சுப் பழக்கறதுக்கே நாங்க படாத பாடு படறோம் மேடம், உங்க ஊர்ல குரங்கு தானா வந்து எடுத்துக்குதா? அட்ரஸ் சொல்லுங்க, லேபையே அங்க மாத்திடறோம்!”

வல்லத்திலிருந்து வந்தவர்கள்

மூளையைப் பார்க்கிற மெஷின் என்று நான் உரக்கடைக்காரருக்கு விளக்கியது, அவர் வழியாக எங்கள் பக்கத்து வல்லம் வரைக்கும் போய்விட்டது. ஒருநாள் சரளா என்கிற பெண் தன் கணவரை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் குணசேகரன். நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். பாதிப் படியிலேயே நின்றுகொண்டார். சரளா மட்டும் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, “அவருக்கு அப்பப்ப வலிப்பு வருது மேடம். மெஷின் ஓனருக்குத் தெரியாது, ஊர்லயும் யாருக்கும் சொல்லல. தலைக்குள்ள இன்னா இருக்குதுன்னு நீங்க பாத்து சொல்லிடுங்க, போதும்” என்றாள். நான் ஒரு மைக்ரோஸ்கோப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். இது எலிக்கு, மனுஷருக்கு இல்லை என்றேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு தூரம் நம்பி வந்தவள் முகத்தை எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எப்போது மேலே வந்தாரோ, குணசேகரன் எட்டிப் பார்த்து, “இத்த வெச்சு என் தலைய பாக்கணும்னா மண்டைய பொளக்கணும் போலக்குது, வா போலாம்” என்றார்.

அப்படியே அனுப்பிவிட மனமில்லாமல் மதுமிதாவுக்குப் போன் செய்தேன். அவர்கள் ஆராய்ச்சிக் குழுவில் நரம்பு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே கூப்பிட்டுச் சரளாவிடம் பேசினார். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், மாத்திரை சாப்பிடுகிறாரா? கல்யாணத்துக்கு முன்பு சாப்பிட்டாராம். கொஞ்ச நாள் வராமல் இருந்ததும் சரியாகிவிட்டது என்று தானாகவே நிறுத்திவிட்டாராம். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். பிறகு, டாக்டர் பார்த்து நல்லபடியாகச் சொல்லும்வரை வண்டி எதுவும் ஓட்டக் கூடாது என்றார். ஸ்பீக்கரில் அது குணசேகரனுக்கும் கேட்டது. அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். வண்டிதான் அவர்களுக்குச் சோறு. சரளா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். உதவி செய்தேனா, பிழைப்பில் மண்ணைப் போட்டேனா என்று எனக்குக் கொஞ்ச நாள் வேலையே ஓடவில்லை.

அறுவடையெல்லாம் முடிந்த பிறகு குணசேகரன் தனியாக வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனாராம். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாராம். வலிப்பு வரவில்லை. மெஷின் ஓனரிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் திட்டிவிட்டு, எந்த ஊரில் எப்போது அறுப்பு என்று ஆள் பிடிக்கிற வேலையும் ரிப்பேர் வேலையும் கொடுத்திருக்கிறார். கூலி முன்னே மாதிரி இல்லை. கௌரவமும் முன்னே மாதிரி இல்லை என்பதை அவர் சொல்லவில்லை; உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சரளா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “மெஷின் மேல உக்காந்துனு இருக்கறப்ப வந்துட்டா இன்னா பண்றதுன்னு அவ இத்தினி வருசமா தூங்கவே இல்லயாம், இப்பதான் சொல்றா. இப்ப அவ தூங்கறா மேடம். நாந்தான் முழிச்சினு கெடக்கறேன்.”

அப்பாண்டைராஜ் அண்ணன் கேட்டது

அப்பாண்டைராஜ் அண்ணனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்சித்தாமூர்க்காரர். சமணக் குடும்பம், நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) போடுகிறவர்கள். சென்னையில் மெஷின் ஷாப்பில் வேலை கற்று, செஞ்சிக்கு வந்து எங்கள் மாடியிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் லேத் போட்டிருந்தார். தினம் அதை ஓட விடுவதற்கு முன்னால் ஒரு மெல்லிய பிரஷ்ஷால் மேடை முழுவதும் தடவி, எறும்பு, பூச்சி இருந்தால் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுவார். மைக்ரோஸ்கோப்பை எலியின் தலையில் வைப்பார்கள், படம் எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வந்ததில்லை.

எலியைப் படம் எடுத்து முடித்ததும் மதுமிதா லேப்டாப்போடு சந்தோஷமாகச் செஞ்சிக்கு வந்தாள். திரையில் கறுப்புக்கு நடுவே பச்சைப் புள்ளிகள் மினுக்கின. “இந்த செல்லைப் பாருங்கண்ணே. எலி இடதுபக்க மூலைக்குப் போறப்ப மட்டும்தான் மின்னும். அங்கதான் அதுக்கு இனிப்புத் தண்ணி வெப்போம்.” அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். தான் கடைந்த பிளாஸ்டிக் வழியாகத்தான் இது தெரிகிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. “எலிய காட்டும்மா” என்றார். காட்டினாள். தலையில் முடி மழித்த இடம், அதில் வெள்ளையாகச் சிமெண்ட் வைத்துப் பிடித்த தகடு, அதன்மேல் எங்கள் மைக்ரோஸ்கோப். அண்ணன் சிரிப்பு நின்றது.

“வலிக்குமா?”

“மயக்க மருந்து குடுத்துதாண்ணே ஆபரேஷன். அப்புறமும் வலி மருந்து குடுப்போம். அதையெல்லாம் பாக்க ஒரு கமிட்டி இருக்கு. அவங்க அனுமதி இல்லாம ஒரு எலியைத் தொட முடியாது.”

“வேலை முடிஞ்சதும்?”

மதுமிதா லேப்டாப்பை மெதுவாக மூடினாள். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. “நாம பாத்தது சரியான இடம்தானான்னு தெரிஞ்சுக்க, கடைசியில மூளைய வெளிய எடுத்துப் பாத்தாகணும்ணே. அதனால அது இருக்காது. எதுவுமே இருக்காது. அதை வேற யார்கிட்டயும் விடாம நானேதான் செய்வேன். பேரு வெக்காதேன்னு லேப்ல சொல்வாங்க. நான் எல்லாத்துக்கும் வெச்சிருக்கேன்.”

மறுநாளிலிருந்து அண்ணன் கடைக்கு வரவில்லை. நான் மேல்சித்தாமூருக்குப் போனேன். களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மோர் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் பேசினேன். வல்லத்துக் குணசேகரனை நினைத்துப் பாருங்கண்ணே, அவர் சாப்பிடுகிற மாத்திரைகூட இப்படி ஏதோ ஒரு உயிரில் பார்த்துத்தானே வந்திருக்கும் என்றேன். “நெனச்சேம்மா. அதனாலதான் முடிவு பண்ண இத்தினி நாளாவுது. நீ செய்யறது தப்புன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு மேலயும் வருத்தமில்ல, மறைக்காம சொல்லுச்சு. ஆனா இனிமே என் கை ஓடாது” என்றார். வாக்குக் கொடுத்த ஆர்டரை மட்டும் முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தக் கடைசி ஆர்டரில் அவர் செய்தது வேறு யாரும் செய்யாத வேலை. சுவரைத் தடவித் தடவிக் கடைந்து, உடையாத அளவுக்கு மெலிதாக்கி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, எலி சுமக்கிற பாரத்தை முடிந்தவரைக்கும் குறைத்தார். திண்டிவனத்தில் ஒரு லேத்காரரைத் தேடிப் பிடித்து, தன் அளவுகளையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்து, அவர் கடைந்தது சரியாக வரும்வரை கூடவே நின்றார்.

கடைசி நாள், தன்னிடம் இருந்த கடைச் சாவியைக் கொடுக்க வந்தார். எனக்கு வருத்தம்தான். கோபமும் கொஞ்சம் இருந்தது. “நீங்க விட்டா திண்டிவனத்துல கடையறாங்க. லேப்ல ஒரு எலிகூடக் கொறையப் போறதில்லயேண்ணே” என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “எலிக்குக் கொறையாதும்மா, தெரியும். எனக்குக் கொறைஞ்சா போதும்.”

போட்டி

மதுமிதா ஆராய்ச்சியை முடித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். வேறு ஊரில் வேலையும் கிடைத்தது. போன கையோடு அவள் செய்த முதல் காரியம், மைக்ரோஸ்கோப்பை நாமே செய்துகொள்வது எப்படி என்று லேப் மாணவர்களுக்கு இலவச வகுப்பு. அதை வீடியோ எடுத்து இணையத்திலும் போட்டாள். நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த ஒட்டு வேலை, தூசி படாமல் லென்ஸ் பிடிக்கிற விதம் எல்லாம் அதில் வரிசையாக வந்தன. எனக்கு ஆர்டர் குறைந்தது. விலை கேட்டுக்கொண்டிருந்த லேப்கள் பதில் போடுவதை நிறுத்தின. முறுக்கு டப்பாவோடு வந்தவளுக்கு இடம் கொடுத்ததற்கு இதுவா கைம்மாறு என்று பொருமினேன். அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அசாமிலிருந்து ஒரு பையன், லென்ஸ் உடைந்துவிட்டது என்று. போபாலிலிருந்து ஒரு பெண், சாம்பல் மூட்டமாகத் தெரிகிறது என்று. வகுப்பு இல்லையென்றால் மைக்ரோஸ்கோப் பக்கமே வந்திருக்காத சின்னச் சின்னக் கல்லூரிகள். எல்லாரும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள்: மதுமிதா மேடம் உங்களைக் கேட்கச் சொன்னார்கள். மைக்ரோஸ்கோப்பாக விற்பது குறைந்ததே தவிர, உதிரி பாகமும் ரிப்பேரும் என்னை நிமிரவிடவில்லை. திண்டிவனத்து லேத்காரர் இன்னொரு ஆளை வேலைக்குப் போட்டார். அந்த வாரம் மதுமிதா கூப்பிட்டபோது போனை எடுத்தேன். எடுத்தவுடன், “ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா?” என்று சத்தம் போட்டேன். அவள் சொன்னாள்: “அன்னிக்கு டப்பாவோட வந்து நின்னப்ப நீங்க எனக்கு எல்லாத்தையும் சும்மாதானேக்கா காட்டிக் குடுத்தீங்க, இதை விக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லக்கா.”

எல்லாருக்கும் பொதுவான ஒன்றை விற்றுப் பிழைக்கிற நமக்குக் கடைசியில் மிஞ்சுகிற ஒரே தனியுரிமை, அது கெட்டுப்போனால் திட்டுவதற்கு எல்லாரும் நம் நம்பரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.